ஊறப்போட்ட அரிசி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் டிசம்பர் 22 சாயங்காலம் தொடங்கும். பச்சரிசி ஊறும், கருப்பட்டி தட்டுவோம், உரலைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். ஆனால் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். டிவி ஓடாது. வாசலில் ஸ்டார் கட்டியிருந்தாலும் அன்று ஒரு ராத்திரி அதன் விளக்கைப் போட அம்மா விடமாட்டாள்.

நான் தங்கச்சிமடத்தில் தையல் மெஷின் போட்டிருப்பவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். டிசம்பரில் ஜாக்கெட்டும் கவுனும் மெஷினைச் சுற்றிக் குவிந்து கிடக்கும். அந்த அவசரத்திலும் 22ஆம் தேதி பொழுது சாய்ந்தால் மெஷினை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அதிரச மாவு பிசைய இரண்டு பேர் வேண்டும்.

அரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் பரப்பி நிழலில் ஆறப்போட வேண்டும். முழுக்கக் காயக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டவும் கூடாது. அந்தப் பக்குவத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். பிறகு பாகு. கருப்பட்டிப் பாகைக் கரண்டியில் எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது கரையாமல் திரண்டு விரலுக்குள் உருள வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், ஒரு நிமிஷம் பிந்தினால் கல்லாகும். சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மாவைக் கிளறி, பானையில் அழுத்தி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வைப்பாள் அம்மா. 24ஆம் தேதி சாயங்காலம்தான் சுடுவது. நடுவில் இரண்டு நாள் பானை சும்மா இருக்கும்.

அந்த இரண்டு நாளில்தான் அம்மாவின் வாழ்க்கை இருக்கிறது.

1964இல் அவளுக்கு ஒன்பது வயது. வீடு தனுஷ்கோடியில். அப்போது அது ஸ்டேஷனும் தபாலாபீசும் சுங்க அலுவலகமும் மாதா கோயிலும் இருந்த ஊர். போட் மெயிலில் வந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போவார்கள். டிசம்பர் 22 காலை, தைத்து வைத்த கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுப் பார்க்க அவளைத் தங்கச்சிமடத்து அத்தை வீட்டுக்கு மாமா ரயிலில் கூட்டி வந்தார். கிளம்பும்போது அம்மாச்சி அரிசியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாளாம். "மாவு பிசஞ்சு வைக்கிறேன். நீ வந்ததும் சுடலாம்" என்றாளாம்.

அன்று ராத்திரி அடித்த புயலைப் பற்றி ஊர் அறியும். பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை எட்டும் முன்பே பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தின் தூண்களுக்கு மேலே பாலத்தில் பெரும்பகுதியைக் காணோம். ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியரின் ஆட்கள் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்திவிட்டார்கள். ஊரைத் திரும்ப நிறுத்த முடியவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் எழுதி வைத்துவிட்டது. அம்மாவின் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், யாருக்கும் கல்லறை இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றும்போது, அம்மா தனுஷ்கோடிக்குப் போய் அந்த இடிந்த கோயில் சுவரோரம் மணலில் நாலு மெழுகுவத்தி நட்டுவிட்டு வருவாள். காற்று ஒரு நிமிஷம்கூட விட்டு வைக்காது. ஏற்றியதுதான் கணக்கு என்பாள்.

என் சின்ன வயதில் ஊர்ப் பெண்கள் யாராவது, "ஒன்னைய மட்டும் ஆண்டவர் காப்பாத்திட்டாரு பாரேன்" என்று அவளிடம் சொன்னால் முகம் இறுகிவிடும். ஒரு தடவைதான் பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அப்ப என் தம்பிமாரக் காப்பாத்தப் பிடிக்கலையாக்கும் அவருக்கு?" சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆண்டவரோடு கோபித்துக்கொண்டும் ஜெபமாலையை விடாத பெண்ணை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

2004இல் மறுபடியும் அதே கேள்வி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இலங்கை குறுக்கே படுத்திருந்ததால் சுனாமி எங்கள் தீவை அவ்வளவாகத் தொடவில்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த ஜனங்கள் கடற்கரையில் அப்படியே போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, மாதா காத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். 1964இலும் கடல் ராமேஸ்வரம் பெரிய கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது, உள்ளே தஞ்சம் புகுந்தவர்கள் பிழைத்தார்கள் என்று எங்கள் பக்கத்து இந்துக்களும் சொல்வார்கள். அம்மா இரண்டையும் மறுக்க மாட்டாள். "கோயிலுக்குள்ள தண்ணி வரல, சரி. வாசல்ல நின்ன பிள்ளைக யாரு பிள்ளைக?" என்று மட்டும் கேட்பாள்.

இதெல்லாம் எனக்குக் கேட்ட கதையாகத்தான் இருந்தது, என் தம்பியைப் பிடிக்கும் வரை.

சில வருஷம் முன்பு ஒரு டிசம்பர் முதல் வாரம். சனிக்கிழமை டோக்கன் போட்டுத் தம்பி கடலுக்குப் போனான். அவனும் எங்கள் பெரியப்பா மகனும் சேர்ந்து கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகு. மதினியின் நகை முக்கால்வாசி அதில் இருந்தது. ஞாயிறு காலை மற்றப் படகுகள் வந்தன, அது வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரை இலங்கையில் பிடித்துக்கொண்டார்கள். சிறைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கோர்ட்டு, ஒரு தடவை வாய்தா. அந்த ஒரு வார்த்தையைச் சுற்றியே வீடு நடந்தது. "எப்ப வாய்தா?" என்று கேட்டுத்தான் பால்காரரும் பாக்கி கேட்பார்.

எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் ஆள் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெம்பு சொல்ல வேண்டுமென்று திருத்தூதர் பணிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். ஏரோது பேதுருவைச் சிறையில் போட்டான், சபை விடாமல் ஜெபித்தது, ராத்திரி வானதூதர் வந்தார், கைச்சங்கிலி கழன்றது, இரும்புக் கதவு தானாகத் திறந்தது. கை கால் ஆட்டி நன்றாகவே சொன்னேன். பிள்ளைகள் கண் விரிந்தது.

முன்வரிசையில் ஒரு பயல், அவன் அப்பாவும் தம்பி படகில் போனவர்தான், பைபிளைப் புரட்டிக்கொண்டே இருந்தான். "டீச்சர், இதுக்கு மேல ரெண்டாவது வரியில யாக்கோபைக் கத்தியால கொன்னான்னு போட்டிருக்கு. அவரும் இயேசு சாமியோட ஆளுதான? அவருக்கு ஏன் தூதர் வரல?"

யாக்கோபு யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். யாக்கோபுதான் எங்கள் சந்தியாகப்பர். வேர்க்காட்டில் கோயில் கொண்டு, ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வந்து வணங்கும் அதே சந்தியாகப்பர். படங்களில் வெள்ளைக் குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர்க் காவலரே, தூதர் வராமல் விடப்பட்டவர் என்பது அந்தப் பயல் கேட்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. அத்தனை வருஷம் அந்த அதிகாரத்தை மூன்றாவது வரியிலிருந்து வாசித்திருக்கிறேன்.

"தெரியலடா" என்றேன். மறைக்கல்வி ஆசிரியை சொல்லக்கூடாத பதில். அன்று வேறொன்றும் வாயில் வரவில்லை.

டிசம்பர் 22 வந்தது. இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்துமஸ் இல்லை என்று மதினி சொல்லிவிட்டாள். குடில் கட்டவில்லை, ஸ்டார் பரண் மேலேயே இருந்தது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை. நான் மற்றவர் வீட்டுப் பிள்ளைகளின் கவுன்களுக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம் அடுப்படியில் அரிசி களையும் சத்தம் கேட்டது.

மதினிக்குக் கோபம். "யாரு திங்க அத்தே?" என்றாள்.

"மாவு இருக்கட்டும். அவன் வந்ததும் சுடலாம்" என்றாள் அம்மா.

எனக்குக் கை ஓடவில்லை. அந்த வாக்கியம் ஒரு தடவை சொல்லப்பட்டு என்ன ஆனது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அம்மாச்சி சொன்னபடி நடக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்தவள், அதே வார்த்தையைத் தன் மகனுக்காக எடுத்துப் போடுகிறாள். நான் மெஷினை மூடிவிட்டுப் போய்க் கருப்பட்டி தட்டினேன்.

24ஆம் தேதி பாதி மாவைச் சுட்டாள். முதல் அதிரசம் வழக்கம் போல எண்ணெய் பார்க்கப் போட்டது, ஓரம் பிரிந்தது. அதை அவளே தின்றாள். மிச்சத்தைத் தட்டில் வைத்து, ஆள் இல்லாத மற்ற இரண்டு வீட்டுக்கும், எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும், ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். நடுராத்திரிப் பூசைக்குப் போனோம். கோயில் குடிலில் பாலனை வைத்து எல்லாரும் பாடும்போது மதினி அழுதாள். அம்மா பாடினாள். மறு பாதி மாவு பானையிலேயே இருந்தது. கருப்பட்டி மாவு சீக்கிரம் கெடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைப்பாள்.

ஒருநாள் கேட்டேன். "என்ன தைரியத்துலம்மா வச்சிருக்க?"

"தைரியம் எங்க இருக்கு? அவன விட்டுருங்க, விட்டுருங்கன்னுதான் ராவெல்லாம் கேக்குறேன். கேக்காம பெத்தவ இருப்பாளா? கேட்டாச்சு. மாவ வச்சாச்சு. நம்ம கைக்கு அம்புட்டுதான ஆத்தா எட்டும்."

ஜனவரியில் ஒரு புதன்கிழமை ஓரியூருக்குப் போனோம். அருளானந்தர் கோயில். லிஸ்பனில் பெரிய வீட்டில் பிறந்தவர், மறவர் சீமையில் சாமியாராகக் கால்நடையாய்த் திரிந்தவர். 1686இல் அவரை இங்கே பிடித்து வதைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கடல் கடந்து ஊருக்குப் போனார். அங்கேயே நிழலில் இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். 1947இல் புனிதராக அறிவித்தார்கள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பப்படும் அந்த மணலை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து அந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணினேன். முதல் தடவை விடுதலை, ஏழாம் வருஷம் வாள். அப்படியானால் 1686இல் கிடைத்தது என்ன? வாய்தா.

அந்த வார்த்தை ஒரு தடவை உள்ளே நுழைந்த பிறகு எல்லாமே அப்படித் தெரிந்தது. பேதுருவுக்காக இரும்புக் கதவு திறந்தது. அவரையும் பின்னாளில் ரோமில் சிலுவையில் தலைகீழாக அறைந்தார்கள் என்றுதான் திருச்சபை மரபு சொல்கிறது. கிறிஸ்துமஸ் கதையே அப்படித்தான். டிசம்பர் 25இல் பிறப்பைக் கொண்டாடும் திருச்சபை, 28இல் மாசில்லாக் குழந்தைகளை நினைக்கச் சொல்கிறது. சூசையப்பருக்குக் கனவில் சொல்லி ஒரு குழந்தையை எகிப்துக்கு அனுப்பினார்கள். பெத்லகேமில் மற்ற வீட்டுத் தகப்பன்மாருக்குக் கனவு வரவில்லை. இதைப் பண்டிகைக்குள்ளேயே வைத்திருக்கிறோம், கண்டுகொள்ளாமல் கேக் வெட்டுகிறோம். அன்றைக்குத் தப்பிய அந்தப் பிள்ளை கடைசி வரை தப்பிக்கொண்டே இருக்கவில்லை. முப்பத்துச் சொச்சம் வயதில், தப்பிக்க வழியில்லாதவர்களோடு போய் நின்றது. எகிப்துக்குப் போன பயணமும் வாய்தாதான்.

பெத்லகேம் தாய்மாருக்கு இது பதில் ஆகாது. அம்மாவின் தம்பிகளுக்கும் ஆகாது. எனக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. தப்பித்ததை வைத்து ஆண்டவரை நம்பினால், தப்பிக்காதவர்களை அவர் கைவிட்டார் என்று சேர்த்தே சொல்ல வேண்டிவரும். அந்த விலை கொடுத்து நம்பிக்கையை வாங்க அம்மா ஒன்பது வயதிலேயே மாட்டேன் என்றிருக்கிறாள். ஜெபமாலையையும் விடவில்லை. காப்பாற்றப்பட்டவள் என்ற பெயரைத்தான் விட்டாள்.

ஜனவரி கடைசியில் தம்பியை விட்டார்கள். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேனில் ஊர். மெலிந்து, தாடியோடு வந்தான். படகு வரவில்லை. இன்று வரை வரவில்லை. கடன் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அவன் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். அவன் குளித்து முடிப்பதற்குள் அம்மா பானைத் துணியை அவிழ்த்துவிட்டாள். மாவு புளிக்காமல் நல்ல மணமாக இருந்தது. அவன் ஏழு அதிரசம் தின்றான். கேள்வி கேட்ட பயலின் அப்பாவும் அதே வேனில் வந்தார். பயல் கேள்வியை மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் அம்மாவும் நானும் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் பேர் கொடுத்தோம். 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது. 1974 ஒப்பந்தப்படி பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாம் போகலாம். சாயங்காலம் சிலுவைப்பாதை, ராத்திரி மணலில் படுக்கை, காலையில் பூசை. இக்கரை ஜனமும் அக்கரை ஜனமும் ஒரே தமிழில் பதில் சொல்லும்போது யார் எந்தப் பக்கம் என்று தெரியாது.

அம்மா ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோயிருந்தாள். பக்கத்தில் பாய் விரித்திருந்த பெண்ணுக்கு நீட்டினாள். நெடுந்தீவுப் பக்கம், அம்மாவின் வயதுதான். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "இது எங்கட அரியதரமெல்லோ!"

கொஞ்ச நேரம் பாகு பற்றியும் எண்ணெய் பற்றியும் பேசினார்கள். பிறகு தொழில் பேச்சு வந்தது. அவள் மகன் சின்னப் படகில் வலை போடுகிறவன். ராத்திரி இழுவைப் படகுகள் வந்தால் விடியும்போது வலை துண்டு துண்டாகக் கிடக்குமாம். இரண்டு தடவை புது வலை, இரண்டும் கடன். "அந்தோனியாரிட்ட அழுது கேட்டனான், உந்தப் படகுகளைப் பிடிச்சுத் தாரும் எண்டு."

காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். நாங்கள் அவரிடம் படகைக் கேட்க வந்திருந்தோம். அவள் வலையைக் கேட்க வந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் போன அந்த டிசம்பர், அவள் வீட்டில் ஜெபம் கேட்கப்பட்ட டிசம்பர். நான் அம்மாவின் கையை அமுக்கினேன், ஒன்றும் சொல்லாதே என்று. அவள் கேட்கவில்லை.

"என் மகன் போட்டும் இழுவப் போட்டுதான் தாயி. அதப் புடிச்சுட்டாங்க. அவன் இப்பத்தான் வந்தான்."

அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள். கையில் பாதி அதிரசம் இருந்தது. கீழே வைக்கவில்லை. "பிள்ளை சுகமா வந்தவனோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. காலைப் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள்.

திரும்பும் படகில் அம்மா சொன்னாள்: "அவ கேட்டதுல என்ன தப்பு? நானும் அப்புடித்தான் கேட்டிருப்பேன்."

ஆண்டவர் நம் பக்கம் என்று நம்புவது எளிது. ஒரே அந்தோனியார் முன்னால் இரண்டு தாய்மார் எதிரும் புதிருமாகக் கேட்கும்போது அவர் எந்தப் பக்கம்? எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்தக் கேள்விக்கும் விடை தேடவில்லை. அன்றிலிருந்து ராத்திரி ஜெபத்தில் தம்பி பெயரைச் சொல்லி, பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லி, கடைசியில் "நெடுந்தீவு வலைக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். தம்பி அந்த வார்த்தை வரும்போது எழுந்து வெளியே போவான். கொஞ்ச நாளாகப் போவதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறான்.

போன வருஷம் வகுப்பில் அதே அதிகாரம் வந்தது. இந்தத் தடவை இரண்டாவது வரியிலிருந்து வாசித்தேன். முதலில் சந்தியாகப்பர், அப்புறம் பேதுரு. "சபை ரெண்டு பேருக்காகவும்தான் ஜெபிச்சிருக்கும். ஒருத்தர் வந்தார், ஒருத்தர் வரல. வராதவருக்கும் நாம கோயில் கட்டி வச்சிருக்கோம்" என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு எழுபதாகிறது. கரண்டி பிடிக்கும் கை நடுங்குகிறது. பாகை நான் கிண்டுகிறேன். தண்ணீரில் விழும் சொட்டை உருட்டிப் பார்ப்பது மட்டும் அவள்தான். வருகிற 22க்கும் அரிசி ஊறும். மழை மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்பி அந்த வாரம் ஏதாவது ஒரு ராத்திரி கடலில் இருப்பான். பானை வாயைத் துணியால் கட்டும்போது அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். வாசலில் ஸ்டார் இருட்டில் தொங்கும். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, யாரும் கேட்காமலே சொல்வாள்.

"அவன் வந்ததும் சுடலாம்."